நாலரை

நெடுந்தீவு மேற்கு,
20.01.2024

அன்புத் தம்பி சுதர்சனனுக்கு, அக்கா சிவாஜினி எழுதுவது.

இங்கே ஆட்களும் மாடுகளும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் அஜந்தாவும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதலாம். நீ போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அக்கா, கந்தோரிலை நிக்கிறன், பேந்து எடுக்கிறன்" என்பாய். அந்தப் பேந்து இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். முத்திரை வாங்கும்போது தபால் கந்தோரில் இருந்த பெட்டையும் சிரித்தாள். இதை நான் ஆசைக்கு எழுதவில்லை, என் மகள் ராகவிக்காக எழுதுகிறேன். கம்பசில் அவளுடைய வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஆட்களுக்குப் பட்டம் வைப்பார்களே, அப்படியான சொல் ஒன்றை எடுத்து, அது எங்கே பிறந்தது, யார் முதலில் சொன்னது என்று தேடி எழுத வேண்டுமாம். போனில் கேட்டு எழுதினால் செல்லாதாம். தகவல் சொல்பவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தர வேண்டுமாம்.

அவள் எடுத்திருக்கிற சொல் 'நாலரை'.

உனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் கலியாணமோ செத்தவீடோ, நாங்கள் பாதியில் எழும்பி ஓடுகிறவர்கள். குறிகட்டுவானில் கடைசிப் படகு நாலரைக்கு. அதை விட்டால் விடியும்வரை இறங்குதுறையில் கிடக்க வேண்டியதுதான். அதை வைத்து இப்போது நெடுந்தீவு ஆட்களை 'நாலரை', 'நாலரையள்' என்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் இப்படி ஒரு சொல் இருக்கவில்லை. இப்போது கடையிலும் பஸ்ஸிலும் அதுதான் எங்களுக்குப் பெயர். அரைகுறை, அவசரம் பிடித்தவன், சபையில் முழுதாக இருக்கத் தெரியாதவன் என்றெல்லாம் அதற்குப் பொருளும் வந்துவிட்டது.

நீ இருபது வருடமாக அங்கே இருக்கிறாய். உன் கந்தோரில் தீவு ஆட்கள் வந்துபோகிற கவுண்டரிலும் இருந்திருக்கிறாய். இதைப் பற்றித் தெரிந்த ஆள் மாமாதான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். எழுதி அனுப்பு.

அப்பாவின் மூன்றாம் வருடத் திவசம் மார்ச் இரண்டாம் திகதி. போன இரண்டு திவசத்துக்கும் நீ வரவில்லை. இம்முறை வருவாய்தானே. பக்கத்து வளவு அல்போன்சம்மாவும் உன்னை விசாரித்தவ.

இப்படிக்கு, முழங்காலைத் தடவியபடி,
அக்கா

*

கொக்குவில்,
26.02.2024

அன்பான அக்காவுக்கு, தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது.

எங்கள் வீட்டில் மூவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு நல்ல எண்ணெய் ஒன்று அஜந்தா வாங்கி வைத்திருக்கிறா, யாரும் வந்தால் கொடுத்துவிடுகிறேன். அத்தானையும் கேட்டதாகச் சொல்லுங்கள். மறுமொழி பிந்தியதற்குக் குறைநினைக்க வேண்டாம். கந்தோரில் வேலை தலைக்கு மேல்.

ராகவி கேட்ட சொல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யாராவது பஸ் கொண்டக்டர் தொடங்கியிருக்கலாம். ஏழரைச் சனிக்குத் தம்பி நாலரை என்று யாரோ பகிடிக்குச் சொல்லி, அது பரவியிருக்கலாம். இப்படியான சொற்களுக்குத் தாய் தகப்பன் கிடையாது அக்கா. வேறு ஏதாவது சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். வலிகாமத்தில், வடமராட்சியில் எத்தனை பட்டப்பெயர் இருக்கின்றன. நான் கவுண்டரில் இருந்ததும் கொஞ்சக் காலம்தான்.

திவசத்துக்கு வர ஏலாது போலிருக்கிறது. கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் வருகிறார்கள். என் பெயரையும் சொல்லிக் கும்பிடுங்கள்.

அல்போன்சம்மா சுகமாக இருக்கிறாவா? என்ன விசாரித்தவ?

அன்புத் தம்பி,
சுதர்சனன்

*

நெடுந்தீவு மேற்கு,
10.03.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. எண்ணெய் இன்னும் வரவில்லை.

திவசம் நடந்தது. ஐயர் காலைப் படகில் வந்து, பதினொன்றரைப் படகைப் பிடிக்க வேண்டுமென்று மந்திரத்தைக் கொஞ்சம் விரட்டினார். காகம் வர நேரமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் கிணற்றடியில் நின்று கூப்பிட்டோம். உனக்கென்று ஒரு இலை போட்டேன். பிறகு அதை மாட்டுக்கு வைத்தேன்.

ராகவி வேறு சொல்லை எடுக்கமாட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். விடுதியில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருத்தி, "நாலரைக்கு முதல் போடுங்கோ, படகு போயிடும்" என்றாளாம். வரிசை முழுக்கச் சிரித்ததாம். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டாளாம். சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அவையள் சிரிச்சது பறவாயில்லை. நான் ஏன் சிரிச்சனான்?" என்று கேட்டு என் மடியில் படுத்து அழுதாள்.  மறுமொழி உனக்குத் தெரிந்தால் எழுது.

இரண்டு கிழமை லீவில் அவள் இறங்குதுறையில் நின்று படகுக்காரரையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் யாழ்ப்பாணத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். ஒருவர் மட்டும், "ஏதோ ஒரு கந்தோர்க் கவுண்டரிலை துவங்கினது எண்டு கேள்வி, பிள்ளை" என்றாராம். எந்தக் கந்தோர் என்று அவருக்குத் தெரியாது.

நல்லதாக எழுதுகிற பத்துப் பேரின் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். இவளுடையதும் ஒன்று. அதனால் யோசித்து எழுது. தெரிந்ததை எழுது.

அல்போன்சம்மா எப்போதும் கேட்கிறதைத்தான் கேட்டா: "தம்பி சுகமோ?" வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பனங்கிழங்கு ஒடியல் மா ஒரு பை படகிலும் பஸ்ஸிலுமாகக் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

அன்பு அக்கா

*

கொக்குவில்,
19.03.2024

அன்பான அக்காவுக்கு,

ஒடியல் மா கிடைத்தது. கூழ் காய்ச்சினோம். வீட்டில் எல்லோரும் சுகம், உங்கள் சுகத்தையும் வேண்டிக்கொள்கிறேன். ராகவி அழுதாள் என்று வாசித்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. தனியாக எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். இதை அவளிடம் கொடுங்கள்.

தம்பி

(இணைப்பு)

'நாலரை' என்னும் சொல்லைப் பற்றி நான் அறிந்தது:

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊரிலிருந்து பிள்ளை ஒன்று சோதனை எழுத யாழ்ப்பாணம் போயிருந்தது. திரும்பும்போது பஸ் பிந்திவிட்டது. குறிகட்டுவானில் நாலரைப் படகு புறப்பட ஆயத்தமானது. அப்போது அங்கே நின்ற என் தகப்பனார் அம்பலவாணர், ஒரு காலைப் படகிலும் ஒரு காலை இறங்குதுறையிலும் வைத்துக்கொண்டு, "எங்கடை பிள்ளை ஒண்டு வரக்கிடக்கு. அது வராமல் படகு போகாது" என்று மறித்து நின்றார். படகு இருபது நிமிடம் நின்றது. பிள்ளை வந்து ஏறிய பிறகே புறப்பட்டது. இதைக் கண்ட யாழ்ப்பாணத்து ஆட்கள், தங்கள் ஆளை விட்டுவிட்டுப் போகாதவர்கள் என்ற மதிப்பில் நெடுந்தீவாரை 'நாலரை' என்று சொல்லத் தொடங்கினர். பிற்காலத்தில் அதன் பொருள் திரிந்துவிட்டது.

மேலே உள்ளது உண்மை.

அ. சுதர்சனன்

*

நெடுந்தீவு மேற்கு,
22.04.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கு சுகம். வருடப்பிறப்புக்குக் கைவிசேடக் காசு வாங்க யாரும் வரவில்லை. வெயில் கடுமை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

உன் கடிதத்தை ராகவியிடம் கொடுத்தேன். மூன்று தரம் வாசித்தாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு கால் படகில், ஒரு கால் துறையில் என்று எழுதியிருக்கிறாயே. அது உனக்கு எங்கேயிருந்து ஞாபகம் வந்தது?

அக்கா

*

மாணவியர் விடுதி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்,
15.06.2024

அன்புள்ள மாமாவுக்கு, ராகவி எழுதுவது. நீங்கள், மாமி, தம்பி எல்லோரும் சுகமா? நான் சுகம். விடுதிச் சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் சுகம். எங்கள் விடுதிக்கும் உங்கள் வீட்டுக்கும் சைக்கிளில் பத்து நிமிடம்தான், ஆனாலும் கடிதமாக எழுதினால்தான் நீங்கள் மறுமொழி எழுதுவீர்கள் என்று அம்மா சொன்னா.

நீங்கள் அனுப்பிய தகவலை வகுப்பில் வாசித்தேன். அம்மப்பா காலை வைத்து மறித்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் பகிடி பண்ணிய அந்தப் பிள்ளை பிறகு வந்து என் கையைப் பிடித்து, "எங்களுக்கு உது தெரியாதடி" என்றாள். இப்போது யாராவது நாலரை என்று கூப்பிட்டால், "ஓம், என்ன?" என்று திரும்புகிறேன்.

இன்னும் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பொடியள் ரீசேட் அடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஒரு கால் படகில், ஒரு கால் துறையில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆள், கீழே பெரிதாக 'நாலரை'. ரஜீபன் அண்ணை தன் மீன்பிடிப் படகுக்கும் அதையே பெயராக எழுதிவிட்டார். என் கட்டுரைதான் புத்தகத்தில் முதலில் வருகிறது. செப்ரெம்பர் கடைசியில் அச்சுக்குப் போகும். இனி அகராதி செய்கிறவர்கள் இந்தச் சொல்லுக்கு இதைத்தான் எடுத்துப் போடுவார்கள் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார்.

அம்மப்பாவின் படம் ஒன்று கட்டுரையோடு போட வேண்டும். உங்களிடம் நல்லது இருக்கும் என்று அம்மா சொன்னா. வெளியீட்டுக்கு நீங்கள் வந்து நாலு வார்த்தை பேசவும் வேண்டும். சாட்டு ஒன்றும் சொல்லக்கூடாது.

மாமா, இவ்வளவு காலமும் எங்கள் ஊரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதை மாற்றியது நீங்கள்தான்.

உங்கள் பாசமுள்ள மருமகள்,
ராகவி

*

கொக்குவில்,
02.07.2024

அன்பான அக்காவுக்கு,

சுகம், சுகத்தை அறியவும் விருப்பம். அவசரமாக எழுதுகிறேன்.

ராகவியின் கட்டுரையிலிருந்து நான் கொடுத்த தகவலை எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்கு ஞாபகப் பிசகு வந்திருக்கலாம். அச்சில் வருகிற விஷயம், பிழையாக இருந்தால் பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர். 'தோற்றம் தெரியவில்லை' என்று போட்டால் போதும். அவளுக்கு நான் எழுதுவது சரியில்லை, நீங்கள் சொன்னால் கேட்பாள். அப்பாவின் படமும் வேண்டாம்.

தம்பி

*

நெடுந்தீவு மேற்கு,
20.07.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கு மழை இல்லை, மற்றபடி சுகம். அஜந்தாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

எடுக்கச் சொல்கிறாய். காரணத்தை எழுது. போனில் வேண்டாம். போனில் நீ நல்லாகக் கதைப்பாய்.

அப்பாவின் படம் தேட அலுமாரியைத் திறந்தபோது அவருடைய கிளினிக் அட்டை கிடைத்தது. பத்தொன்பது திகதி போட்டிருக்கிறது. பத்தொன்பது தரமும் விடியப் படகில் போய், பின்னேரம் நாலரைப் படகில் வந்து இறங்கினார். கடைசி நாட்களில் மூச்சு வாங்க வாங்க வருவார். "ஒருக்கால் தம்பி வீட்டிலை தங்கிப்போட்டு விடிய வாருங்கோவன்" என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். "அவனுக்கு ஏன் கரைச்சல்" என்பார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உன் வீடு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும்.

இதைப் பற்றி இவ்வளவு காலமும் நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ கேட்டதற்குத்தான் காரணம் கேட்கிறேன்.

அக்கா

*

கொக்குவில்,
01.09.2024

அக்கா,

சுகம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. ஆறு கிழமையாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சொல்லைச் சொன்னது நான்தான்.

2017 ஆம் ஆண்டு. நான் கவுண்டரில் இருந்த காலம். கந்தோரில் நான் நெடுந்தீவு என்று ஒருவருக்கும் தெரியாது. முதல் நாள் யாரோ கேட்டபோது கொக்குவில் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அதைத் திருத்த நான் முயலவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். காணி உறுதிப் பிரதி ஒன்றுக்காக அல்போன்சம்மா வந்து வரிசையில் நின்றா. என்னைக் கண்டதும் முன்னுக்கு வந்துவிட்டா. முழுக் கந்தோருக்கும் கேட்கிற குரலில், "தம்பி, நீர் எங்கடை அம்பலவாணற்றை மகனெல்லோ? நான் தூக்கித் திரிஞ்ச பிள்ளை. கெதியா ஒருக்காப் பாத்து விடும் ராசா, நாலரைப் படகு போயிடும்" என்றா.

பக்கத்துக் கதிரையில் நிசாந்தன் இருந்தான். "ஆர் மச்சான், உனக்குச் சொந்தமோ?" என்றான். நான் சிரித்தேன். "சொந்தமோ? உது ஒரு நாலரை. காரியம் ஆகவேணுமெண்டால் உவையள் ஆரையும் தூக்கி வளத்த பிள்ளை எண்டுவினம்" என்றேன். நிசாந்தன் மேசையில் தட்டிச் சிரித்தான்.

அல்போன்சம்மாவுக்குக் கேட்டது.  திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றா. முறை வந்தபோது என்னை "ஐயா" என்று கூப்பிட்டா. அன்றைக்குப் படகு கிடைத்ததோ என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை யாரிடமும் கேட்கவும் பயம்.

நிசாந்தன் அதை முகநூலில் போட்டான். அடுத்த வருடத்துக்குள் தேத்தண்ணிக் கடையில் எனக்கே திருப்பிச் சொன்னார்கள். நானும் புதிதாகக் கேட்பவன்போலச் சிரித்தேன். ராகவி உங்களிடம் கேட்டாளே, நான் ஏன் சிரித்தேன் என்று. அவளுக்கு நான் எப்படி மறுமொழி சொல்வேன்?

இது மட்டுமில்லை. மற்றதையும் எழுதாவிட்டால் இதுவும் பொய்யாகிவிடும்.

2019 ஆம் ஆண்டு ஆவணியில் ஒருநாள், நிசாந்தனும், கந்தோரில் இன்னொருவனான பிரசாந்தனும், நானும் சாப்பிட்டுவிட்டு பஸ் நிலையத்துப் பக்கமாக வந்தோம். குறிகட்டுவான் பஸ் நிற்கிற இடத்தில் அப்பா நின்றார். வெள்ளை வேட்டி, மருந்துப் பை, சேட்டுப் பையில் கிளினிக் அட்டை. மெலிந்துபோயிருந்தார். பதினைந்து அடி தூரம் இருக்கும். அவர் பக்கத்தில் நின்ற ஒரு பொடியனிடம் திரும்பி, "தம்பி, மணி என்ன?" என்று கேட்டார். நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மணிக்கூடு அவர் கையில் இருந்தது. அது பழுது என்று நான் கேள்விப்படவில்லை. ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிரசாந்தன் சொன்னான்: "உங்கை பாரடா ஒரு நாலரை. கையிலை மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு மணி கேக்குது." அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. சிரித்துக்கொண்டே ஒரு பஸ்ஸின் மற்றப்பக்கமாக நடந்து போய்விட்டேன். அப்பா பிடிவாதம், வீட்டுக்கு வந்து தங்கமாட்டார் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அவர் வராதது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. 

ராகவிக்கு எழுதிய கதை முழுப் பொய். படகில் ஒரு கால், துறையில் ஒரு கால் என்பது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. எழுதும்போது வந்தது. அவள் அழுகையை நிறுத்தவென்று எழுதினேன் என்று சொல்லலாம். அதுவும் பாதிதான் உண்மை. யாராவது அந்தக் கவுண்டரைத் தேடிப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம்தான் மற்றப் பாதி. அது அச்சில் வந்தால், அப்பாவை மறைத்த நான் அவருக்குப் பின்னால் மறைந்துகொண்டவனாவேன்.

நீங்களே ராகவியிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க ஏலாது.

சுதர்சனன்

*

நெடுந்தீவு மேற்கு,
08.09.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ சுகம் கேட்காவிட்டாலும் நான் சொல்கிறேன். நாங்கள் சுகம். அல்போன்சம்மாவுக்கு எண்பத்தொன்று, கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி சுகம்.

அன்றைக்கு அவவுக்குப் படகு கிடைக்கவில்லை. அடுத்தநாள் விடியப் படகில் வந்து, நேரே எங்கள் குசினிக்குள் வந்து அடுப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னா. "கொப்பரிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கினா. நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல் எங்கே பிறந்தது என்று ஏழு வருடமாக எனக்குத் தெரியும். போன தை மாதம் உனக்கு முதல் கடிதம் எழுதும்போதும் தெரியும். ராகவியின் சாட்டில் கேட்டால் நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ ஏழரைச் சனியின் தம்பி என்று எழுதினாய். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் நின்றிருந்தால் அகப்பையால் வாங்கியிருப்பாய்.

இனி நீ பொய் என்று எழுதிய கதைக்கு வருகிறேன். அதில் காலம் பொய், காரணம் பொய். கால் பொய்யில்லை.

1998 ஆம் ஆண்டு ஆவணி. நீ ஏ.எல். சோதனை முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறாய் என்று அப்பா குறிகட்டுவானுக்குப் போய் நின்றார். நானும் போயிருந்தேன். பஸ் வரவில்லை. படகு கயிற்றை அவிழ்த்தாயிற்று. அப்பா ஒரு காலைப் படகில் வைத்தார், மற்றக் காலைத் துறையிலிருந்து எடுக்கவில்லை. நேவிக்காரன் துவக்கைக் காட்டி, "யன்ன, யன்ன", போ போ என்று சிங்களத்தில் கத்துகிறான். படகுக்குள் இருந்த சனம் ஏசுகிறது. அப்பா, "என்ரை பொடியன் வாறான்" என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.  நீ இருபது நிமிடம் பிந்தி ஓடி வந்தாய், சிநேகிதர்களோடு படம் பார்த்துவிட்டு வந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாய். ஓடி வரும்போது அவர் நின்ற நிலையைக் கண்டிருப்பாய். நீ மறந்துவிட்டாய். உன் கை மறக்கவில்லை. சோதனை எழுதப்போன அந்தப் பிள்ளை நீதான்.

அதனால் பொடியளின் ரீசேட்டில் உள்ள படம் இருக்கட்டும். எழுத்தைத்தான் திருத்த வேண்டும்.

மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது பழுதில்லை. இப்போதும் அலுமாரியில் ஓடுகிறது. அன்று பின்னேரம் வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது அப்பா என்னிடம் சொன்னார்: "பஸ் நிலையத்திலை தம்பியைக் கண்டனான். அவனோடை கந்தோர் ஆக்கள் நிண்டவை. நான் இந்தக் கோலத்திலை போய்க் கதைச்சால் அவனுக்குச் சங்கடம். அதுதான் மற்றப்பக்கம் திரும்பி ஆரோ ஒரு பொடியனிட்டை மணி கேட்டனான்."

"அவன் உங்களைக் கண்டவனோ அப்பா?" என்று கேட்டேன்.

"சீச்சீ, அவன் காணேல்லை. கண்டிருந்தால் ஓடி வந்திருப்பான்" என்றார்.

சாகும்வரை அவர் அப்படித்தான் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன். சொல்லை உருவாக்கியதற்கு உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன், அல்லது மன்னித்ததாக நினைத்தேன். ஆனால் நீ அவரைக் கண்டாய் என்பதை உன் கடிதத்தில்தான் அறிந்தேன். அதை வாசித்துவிட்டு, இரண்டு நாள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக்கூட எழும்பவில்லை. அத்தான் காய்ச்சல் என்று நினைத்தார்.

ராகவியிடம் நான் சொல்லமாட்டேன். உன் கையெழுத்துக்கு மேல் "உண்மை" என்று எழுதிக் கொடுத்தவன் நீ. கட்டுரை இம்மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அவள் லீவில் வீட்டில் நிற்கிறாள். வரும் சனிக்கிழமை பதினாலாம் திகதி வா. வந்து அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல். அவள் உன்னைத் திட்டலாம், கதைக்காமல் விடலாம். அந்த ரீசேட்டைக் கழற்றி எறியலாம். அதற்குப் பிறகு சொல்லுக்கு என்ன எழுதுவது என்று அவள் தீர்மானிக்கட்டும். பக்கத்து வளவுக்கும் ஒருக்கால் போக வேண்டும். அல்போன்சம்மாவுக்குக் கண் தெரியாது என்று நினையாதே. குரலில் பிடித்துவிடுவா.

இலை போட்டு வைக்கிறேன். இம்முறை அது மாட்டுக்குப் போகக்கூடாது.

நாலரைப் படகுக்கு நேரத்தோடு வந்து நில். பிந்தினால் காலை வைத்து மறிக்க இப்போது ஆள் இல்லை.

உன் அக்கா,
சிவாஜினி